குதிரைக்குக் கல் உண்டு, தாத்தாவுக்கு இல்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஃப்ரிம்லி போயிருந்தோம். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். அங்கே செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் நம்ம ஆள் ஒருவர் படுத்திருக்கிறார். கர்னல் ஜான் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். 1841 ஜனவரி 15ல் புனேயில் பிறந்து, 1911 மார்ச் 9ல் இங்கே இறந்தவர். தேனிப் பக்கத்து ஆட்கள் இங்கிலாந்துக்கு வந்தால் பக்கிங்ஹாம் அரண்மனையைப் பார்க்காமல் போனாலும் போவார்கள், இந்தக் கல்லறையைப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்தில் நின்ற என் பையன் (பதினொரு வயது, கேள்வி கேட்பதில் அம்மா மாதிரி) கேட்டான்: "அப்பா, இவர் நம்ம சொந்தமா?"

"இல்லடா. நம்ம ஊருக்குத் தண்ணி குடுத்தவர்."

"அப்ப உங்க தாத்தாவோட கல் எங்க இருக்கு?"

பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இதை எழுத வைத்தது. நான் வரலாறு படித்தவன் இல்லை. உத்தமபாளையத்தில் பி.காம். முடித்துவிட்டு, இப்போது இங்கே ஒரு வங்கியில் கடன் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன். பற்று வரவு தெரியும், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கதையே ஒரு பற்று வரவுக் கதைதான் என்று பிறகு தோன்றியது.

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் ஒரு கல் வைத்துவிடுகிறார்கள். இந்த வீட்டில் இன்ன கவிஞர் குடியிருந்தார் என்று சுவரில் நீல வட்டம். 1866ல் திட்டம் தொடங்கி 1867ல் முதல் வட்டம் கவிஞர் பைரன் பெயரில் வந்தது. அந்த வீடு இடிந்துபோனது, பழக்கம் மட்டும் இடியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலம் 1927லிருந்து நெடுஞ்சாலை ஓரங்களில் உலோகப் பலகை நட்டுவருகிறது. இங்கே ஒரு காலனி ஊர் இருந்தது, இங்கே ஒரு பழைய தேவாலயம் இருந்தது என்று காரில் போகிறவன் படிக்கிற மாதிரி எழுதியிருக்கும். அந்த ஊரே இப்போது இருக்காது, பலகை இருக்கும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

வண்டன்மேடு தெரியாதவர்களுக்கு: கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக மலை ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். கேரளாவின் இடுக்கி மாவட்டம், மூவாயிரம் அடிக்கு மேல். உங்கள் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் ஏலக்காயில் பாதியாவது எங்கள் பக்கத்து மலையைப் பார்த்திருக்கும் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பக்கத்தில் புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும். (காய்க்கும் அதே பெயர், விற்பதற்கும் அதே பெயர். சின்ன வயதில் இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்!) காலையில் கம்பம், தேவாரம் பக்கத்திலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். எங்கள் தாத்தா தலைமுறை அப்படி இறங்கவில்லை. ஏறினார்கள், லயத்தில் தங்கினார்கள், அங்கேயே மண்ணானார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பாவோடு கோட்டயத்துக்கு பஸ்ஸில் போனேன். குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு தாண்டி குட்டிக்கானம் வருவதற்குள் பள்ளிக்குன்னு என்று ஓர் இடம். அங்கே செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. 1869ல் கட்டியது. கட்டியவர் ஹென்றி பேக்கர் என்ற சி.எம்.எஸ். மிஷனரி. மலையரையர்கள் நடுவில் வேலை செய்தவர், முண்டக்கயம் பக்கத்தில் அவர் பெயர் இன்றும் பேசப்படும். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மலையாளி சேட்டன், வெளியே கையைக் காட்டி, "மோனே, அவிடெ ஒரு குதிரையுடெ கல்லறையுண்டு" என்றார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

உண்மைதான். அந்தத் தேவாலயத்துத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள், அவர்கள் மனைவி, குழந்தைகள் என்று பலருடைய கல்லறைகள் உண்டு. அவர்களோடு ஜான் டேனியல் மன்றோ படுத்திருக்கிறார். அவருடைய குதிரை டௌனியும் அதே தோட்டத்தில்தான் என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

இந்த மன்றோ யார்? திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏலமலைக்கு சூப்பரின்டென்டன்ட் ஆக இருந்தவர். அதாவது எங்கள் மலைக்கு அந்தக் காலத்து அதிகாரி. அப்போது ஏலக்காய் சமஸ்தானத்தின் ஏகபோகம். பயிர் செய்வது பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்குத் தமிழர்கள், காய் போவது அரசாங்கத்துக்கு. மன்றோ குதிரையில் மலை மலையாகச் சுற்றினார். சுற்றியதில் வடக்கே இருந்த உயர்ந்த மலைகள் அவர் கண்ணில் பட்டன. 1877 ஜூலை 11ல் பூஞ்ஞார் ராஜாவிடமிருந்து அவற்றைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். நிலம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல். பத்திரத்தில் இருந்த பணமோ சில ஆயிரம் ரூபாய்தான். கடன் கோப்பு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு சொத்து இந்த விலைக்கு என் மேசைக்கு வந்தால் மோசடி என்று மேலே அனுப்பிவிடுவேன் :-)

அந்த நிலம்தான் கண்ணன் தேவன் மலை. 1897ல் அதற்கென்று கம்பெனி வந்தது. அஞ்சுநாட்டுப் பக்கத் தலைவர் கண்ணன் தேவர் பெயரால் மலைக்கு அந்தப் பெயர் என்பது வழக்கு. அவருக்குக் கல் இல்லை, ஆனால் தேயிலைப் பொட்டலத்தில் பெயர் நின்றுவிட்டது. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை!

அடுத்தது மூணாறு. ஊருக்குள் நுழைந்ததுமே மேட்டில் ஒரு கல் தேவாலயம் தெரியும். சுற்றுலா போனவர்கள் எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்திருப்பீர்கள். 1910ல் அடிக்கல் போட்டு 1911ல் திறந்தார்கள். ஆனால் அங்கே கோயிலுக்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. கம்பெனி மானேஜர் ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட் என்பவரின் இளம் மனைவி எலினோர் இசபெல் மே, மலைக்கு வந்த கொஞ்ச நாளில் அந்தக் குன்றைப் பார்த்து, நான் செத்தால் என்னை இங்கேதான் புதைக்க வேண்டும் என்று சொன்னாராம். 1894 டிசம்பரில் காலரா வந்து இறந்துபோனார். சொன்னபடி குன்றின் மேல் புதைத்தார்கள். பிறகு கல்லறைத் தோட்டம், அதற்கும் பிறகு தேவாலயம். உள்ளே சுவரில் தோட்ட துரைமார்களின் நினைவாகப் பித்தளைத் தகடுகள்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. புது இடம், காடு, மழை, சின்ன வயது. படிக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மானேஜர் பங்களாவரைக்கும் வந்த காலரா லயத்துக்கு வராமலா இருந்திருக்கும்? அங்கே செத்தவர்களுக்கும் குன்றைப் பார்த்து ஏதாவது ஆசை இருந்திருக்கும். யார் கேட்டது?

மூன்றாவது, பென்னிகுயிக்கின் அணை. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் 999 வருஷக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆக வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1887ல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை. காட்டுக்குள் மழை, வெள்ளம், மலேரியா, காலரா. நோயில் மட்டும் இறந்தவர்கள் 483 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். எண் இருக்கிறது. 483 என்று அத்தனை துல்லியமான எண்! அந்தப் பெயர்களைக் கோயில் கோபுரத்தில் எழுதி வைத்தால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் குலத்தில் ஒருத்தரைக் கண்டுபிடிப்பான். ஆனால் சாலை ஓரத்தில் அந்தப் பெயர்கள் எங்கேயும் இல்லை.

பென்னிகுயிக்குக்குக் குறை வைக்கவில்லை. லோயர் கேம்ப்பில் 2013ல் மணிமண்டபம் திறந்தார்கள். இங்கே கேம்பர்லியில் 2022ல் தமிழ்நாடு அரசே சிலை வைத்தது. ஜனவரி 15ல் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள் எங்கள் மக்கள். எல்லாம் நியாயம். ஆனால் அந்த "லோயர் கேம்ப்" என்ற பெயரை யோசித்துப் பாருங்கள். அணை கட்ட வந்தவர்கள் அடிவாரத்தில் போட்ட முகாம் அது. வேலை முடிந்தது, முகாம் கலைந்தது, பெயர் ஊராகிவிட்டது. அதே மாதிரி மூணாறுக்கு மேலே டாப் ஸ்டேஷன். அங்கே ரயில் நிலையம் தேடும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். முன்பு குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு குட்டி ரயில் ஓடியது. 1902ல் ஒற்றைத் தண்டவாளம், 1908ல் சின்ன ரயில். தேயிலைப் பெட்டி அதில் டாப் ஸ்டேஷன் வந்து, கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி போய்ச் சேரும். 1924 ஜூலை வெள்ளத்தில், மலையாளிகள் "தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளம்" என்று சொல்வார்களே அதில், ரயில் மொத்தமும் போனது. மிஞ்சியது பெயர். எங்கள் பக்கத்தில் கல் வைக்காத நினைவுச் சின்னங்கள் இந்தப் பெயர்கள்தான்.

இப்போது என் கேள்வி. ஏன் சிலருக்குக் கல், சிலருக்கு இல்லை? பணம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். பணமும்தான். ஆனால் வங்கிக்காரன் புத்தி, பதிவேட்டைத்தான் முதலில் தேடும்.

இங்கிலாந்தில் 1538லேயே ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள் பீர்மேட்டிலும் மூணாறிலும் எழுதினார்கள். பெயர், வயது, தேதி, காரணம். புத்தகத்தில் பெயர் இருந்தால் நூறு வருஷம் கழித்துக்கூட ஒருவர் வந்து கல்லைச் சுத்தம் செய்யலாம்.

எங்கள் ஆட்கள் பெயரும் புத்தகத்தில் இருந்தது, இல்லாமல் இல்லை. செக்ரோலில் இருந்தது. கங்காணி கொடுத்த முன்பணக் கணக்கில் இருந்தது. இன்னாருக்கு இவ்வளவு பற்று, இத்தனை நாள் வேலை, இவ்வளவு கழிவு. உயிரோடு இருக்கும்வரை பெயர் வேண்டும், ஏனென்றால் பாக்கி இருக்கிறது. ஆள் செத்தால் கணக்கு முடிந்தது. அந்தப் புத்தகத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? பிறப்பு, இறப்பைப் பதிய நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் 1969ல்தான் வந்தது. என் தாத்தா இறந்தது 1967. இரண்டு வருஷம் முந்திக்கொண்டார்.

இதில் எல்லைக் கதையும் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் பெரிய போராட்டம் நடந்தது. கன்னியாகுமரிப் பக்கம் கிடைத்தது, இவை கேரளாவிலேயே நின்றன. 1972 ஜனவரி 26ல் இடுக்கி மாவட்டம் ஆனது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு மலையாளிகள் இல்லாவிட்டால் நான் பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று நடந்தது. தமிழ்நாட்டு வரலாறு எழுதியவர்களுக்கு நாங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம். கேரள வரலாறு எழுதியவர்களுக்கு நாங்கள் வெளியிலிருந்து வந்த கூலி. இரண்டு லெட்ஜரிலும் எங்கள் பக்கம் காலி.

பழைய கதைதானே, விடு என்பீர்கள். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மொத்தமாகப் புதைந்தன. 70 பேர். நான்கு பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவர்கள். ராஜமலையில் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் மிஞ்சிய உறவினர்கள் அங்கே பூ வைக்கப் போகிறார்கள். ஒரு வித்தியாசம் கவனியுங்கள். இந்த முறை ஒவ்வொருவர் பெயரும் வெளியே வந்தது, வயதோடு, படத்தோடு. 483 என்பது எண்ணாகவே நின்றுவிட்டது. 70 என்பது பெயர்களாக நிற்கிறது. அதற்கே நூற்றி இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

இனி என் பங்குக்கு.

தாத்தா தேவாரம் பக்கத்திலிருந்து கால்நடையாக மெட்டு ஏறி ஏலக்காட்டுக்கு வந்தவர். கவாத்து எடுப்பதில் கெட்டிக்காரர் என்று அப்பத்தா சொல்லும். அப்பாவுக்குப் பதினாறு வயதில் அவர் போய்விட்டார். தோட்டத்து ஓரத்தில், ஓடைக்கு மேலே ஒரு பலா மரத்தடியில் அடக்கம். தலைமாட்டில் ஓடையிலிருந்து தூக்கிவந்த ஒரு கல். எழுத்து எதுவும் கிடையாது. தை மாதம் அப்பத்தா அங்கே போய்த் தேங்காய் உடைக்கும். நானும் கூடப் போயிருக்கிறேன், தேங்காய்ச் சில்லுக்காக.

நான் வெளிநாடு வந்த மூன்றாம் வருஷம் அப்பா போனில் கேட்டார். "ஒரு நாலடிக் கல்லுல பேரு வெட்டி வச்சிரலாமாப்பா? தோட்டக்காரர் சரின்னுட்டார். எண்ணாயிரம் ஆகும்."

எண்ணாயிரம் ரூபாய். அன்றைக்கு எனக்கு அது ஒரு பெரிய தொகையே இல்லை. "அடுத்த தடவை வர்றப்போ நானே நின்னு செய்றேன்பா" என்றேன். அடுத்த தடவை பையன் பிறந்தான். அதற்கடுத்த தடவை வீட்டுக் கடன். அப்பா மறுபடி கேட்கவில்லை. அவர் சுபாவம் அப்படி, ஒரு தரம் கேட்பார்.

சென்ற நவம்பரில் போனபோது நானே சொன்னேன், வாங்கப்பா, கல் வைத்துவிடலாம் என்று. தோட்டம் நடுவில் இரண்டு கை மாறியிருந்தது. பழைய செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுசாக நட்டிருந்தார்கள், நிழலுக்கு வேறு மரம். பலா மரம் இல்லை. ஓடையும் கொஞ்சம் தள்ளி ஓடியது. மேஸ்திரி நல்ல மனிதர், "பாத்துச் சொல்லுங்க, அந்த எடத்த விட்டுர்றோம்" என்றார். அப்பா எழுபதைத் தாண்டியவர், கம்பை ஊன்றிக்கொண்டு முன்னாலும் பின்னாலும் நடந்தார். ஓர் இடத்தில் நின்றார். பிறகு பத்தடி தள்ளிப் போய் அங்கே நின்றார். கடைசியில், "இங்கயாத்தான் இருக்கணும்" என்றார். அந்த "இருக்கணும்" எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது.

குதிரைக்குக் கல் வைத்த மன்றோவைப் பார்த்து இத்தனை நாள் பல்லைக் கடித்தேன். அவர் தன் குதிரையை மறக்கவில்லை. தாத்தாவின் கல்லைத் தள்ளிப்போட்டது எந்தத் துரையும் இல்லை, நான்தான்.

கல் வைக்கவில்லை. எங்கே வைப்பது? அன்று ராத்திரி அப்பாவை உட்கார வைத்துக் கேட்டேன். தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே படம் போட்டார். ஓடை பழையபடி எங்கே ஓடியது, ஸ்டோர் எங்கே, லயம் எங்கே, பலா மரம் எங்கே. தாத்தாவோடு அந்த மேட்டில் இன்னும் யார் யார் என்று சொல்லச் சொல்ல எழுதினேன். பதினான்கு பேர் வந்தார்கள். அதில் மூன்று கைக்குழந்தைகள், ஒன்றுக்குப் பெயரே வைக்கவில்லையாம். அப்பாவுக்குத் தெரிந்தது அவ்வளவு. அவருக்கு முந்தியவர்களைத் தெரிந்த ஆள் இன்று வண்டன்மேட்டில் ஒருவரும் இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் தோட்டத்து வழி வந்தவர்கள்தான். வால்பாறை, நீலகிரி, மூணாறு, இலங்கை மலையகம், மலேயா ரப்பர் தோட்டம், எதுவானாலும் கதை ஒன்றுதான். பெரிய மண்டபம் எல்லாம் அப்புறம் கட்டிக்கொள்ளலாம். அடுத்த போன் பேச்சில் சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்று கேட்ட பிறகு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். நம்ம ஆளுகளை எங்கே புதைச்சிருக்கு, யார் யாரு? ஊருக்குப் போகும்போது அந்த இடத்தில் நின்று கைபேசியில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் தவணை தள்ளிப்போடாதீர்கள். இந்தக் கணக்கில் ஒத்திவைப்பு கிடையாது, சாட்சி போய்விட்டால் கணக்கே கிடையாது.

அந்தக் காலண்டர் தாள் இப்போது இங்கே என் மேசைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். பலா மரத்துக்குப் பக்கத்தில் அப்பா போட்டிருந்த சின்னப் பெருக்கல் குறியில் விரல் வைத்து, "இவர்தானா?" என்றான்.

"இங்கயாத்தான் இருக்கணும்டா" என்றேன்.